துவைக்கக் கூடாத சட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். அதை நான் மறுத்ததும் இல்லை. ஆனால் அதற்காக ஒரு மாட்டுக்கு அந்தப் பெயரையே வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அப்பா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார் என்று போன் வந்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரத்திலிருந்து வந்து இறங்கினேன். நல்ல மழை. வாசலைத் தாண்டவில்லை, கொட்டகையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "கோபக்காரி, காலைக் கொஞ்சம் தள்ளி வை. அவ்வளவுதான். இப்ப யார்மேல கோபம் உனக்கு?" என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து, பதில் சொல்ல வாயைத் திறந்தேவிட்டேன். எட்டிப் பார்த்தால், ஒரு சிவப்புப் பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு என் கணவர் பால் கறந்துகொண்டிருந்தார்.

கணவர் என்று இன்னும் சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். மூன்று வருஷமாக அவர் எங்கள் அப்பா வீட்டில், நான் நகரத்தில் ஒரு வாடகை வீட்டில். கோர்ட், வக்கீல் என்று எதுவும் இல்லை. பேச்சை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இந்தப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் மேல் சாண வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாளே, அன்றைக்கே நகரத்துக்கு ஓடிவிடுவது என்று முடிவுகட்டினவள். அவரோ நகரத்திலேயே பிறந்த லிஃப்ட் மெக்கானிக். மாட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தார். நான் விட்டு ஓடிவந்த இடத்துக்கு அவர் ஓடிப்போனார்.

நாங்கள் பழகியதே லிஃப்ட்டில்தான். நான் வேலை பார்த்த அழைப்பு மையம் எட்டாவது மாடியில் இருந்தது. யார் யாரோ போனில் கத்துவதை நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்கிற வேலை, அதுவும் எனக்கு. ஒருநாள் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, விளக்கும் போய்விட்டது. மேலிருந்து ஒரு குரல், "நான் இங்கதான் இருக்கேன், சும்மா பேசிட்டே இருங்க, கதவு திறந்துடும்" என்றது. கதவு திறக்கிறவரை அந்தக் குரல் என்னை விடவில்லை. வெளியே வந்ததும் பயமெல்லாம் கோபமாக மாறி அவரைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி" என்றார். அந்தச் 'சரி'யில் விழுந்தவள்தான்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அம்மா போய்விட்டாள். காரியங்களுக்காக வந்தோம். அப்பா ஒற்றையாளாகக் கொட்டகையில் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். ஒரு வாரம் ஒரு மாதமானது. ஒரு பசு கன்று போட்டது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போனில் அவர் மாடுகளைப் பற்றிப் பேசும்போது அந்த லிஃப்ட் குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்க என்னைக் கட்டிக்கிட்டீங்களா, எங்க அப்பாவைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த மனுஷன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு பேரையும்தான்" என்றார். என்னையும் இங்கேயே வந்துவிடச் சொன்னார். செத்தாலும் வரமாட்டேன் என்றேன். நான் எது சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் அவர், எனக்கு வாய்த்தது அப்படி.

இந்தத் தடவையும் அதுதான் நடந்தது. நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இளைத்திருந்தார், தோள் மட்டும் அகன்றிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இந்த வாய் இருக்கிறதே. "என் வீட்டுல நீங்க ராஜா மாதிரி இருக்கீங்க. நான் எங்கேயோ வாடகை வீட்டுல கிடக்கேன். நல்லா இருக்குங்க" என்றேன். பிறகு "சரி" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

உண்மையைச் சொன்னால், அப்பாவின் இடுப்பு எனக்கு ஒரு சாக்கு. லீவு போட்டுவிட்டு வந்ததாக எல்லாரிடமும் சொன்னேன். லீவு இல்லை, வேலையையே விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அந்த வாடகை வீட்டில் எனக்கு நானே சத்தம்போட்டுப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத வீடு என்ன வீடு? அவரோடு வாழத்தான் வந்தேன். அதை வாயால் சொல்லத்தான் வீறாப்பு விடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அப்பா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். வெந்நீர் போட்டிருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள் என்பேன் நான். தவிட்டு மூட்டையை அவள் தூக்க வேண்டாம், நான் வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள் மாமா என்பார் அவர். கட்டிலில் படுத்தபடி அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி அலுத்துப்போனார். "எனக்கு இடுப்புதான் போச்சு, உங்க ரெண்டு பேருக்கும் வாயே போயிடுச்சா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

பேசவில்லையே தவிர, நான் வந்த மறுநாள் காலையில் வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் சேற்றின் மேல் காலி சாக்குகள் விரித்திருந்தன. என் கால் சேறாகக் கூடாதாம். அன்றாடம் நனைந்த சாக்கை எடுத்துவிட்டு வேறு சாக்கு போட்டுவைப்பார். நான் அதன் மேல் நடப்பேன், கண்டுகொண்ட மாதிரி காட்டிக்கொள்ளமாட்டேன். உள்ளே அப்படியே உருகிப்போகும்.

மற்ற மாடுகள் எனக்குப் பால் கொடுத்தன. சின்ன வயதில் பழகிய கை, மறக்கவில்லை. கோபக்காரி மட்டும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவளுக்கு அவர் ஒருத்தர்தான். நான் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்வாள், ஒரு சொட்டு இறங்காது. அதோடு ஒரு உதையும் விடுவாள். பால் மடியிலேயே நின்றுவிட்டால் மடி கல்லாகி, வீங்கி, மாட்டுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் நான் தீனி போடுவதோடு சரி. போடும்போது நன்றாகத் திட்டிவிட்டுத்தான் போடுவேன். "பேரை மட்டும் என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டியா? ஆளையுமா எடுத்துக்குவே?" என்பேன். அவள் காதை ஆட்டிக்கொண்டு தின்பாள்.

ஒருநாள் மத்தியானம் கொட்டகைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அவருடைய வேலைச் சட்டை தொங்கியது.

எங்கள் வீட்டில் அந்த ஆணியில் யாரும் சட்டை மாட்டுவதில்லை. வீட்டை விட்டுப் போகிற ஆள்தான் மாட்டுவார். ஆள் மாறினால் பால் விடாத மாடு, பழைய ஆளின் வியர்வை வாசனை இருந்தால் ஏமாந்து விட்டுவிடும். அதனால் போகிறவர் தன் வேலைச் சட்டையைத் துவைக்காமல் மாட்டிவிட்டுப் போக வேண்டும், அடுத்த ஆள் அதைப் போட்டுக்கொண்டு கறக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத் தன் மேல்சட்டையை அதில்தான் மாட்டிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வரவில்லை. அப்பா அந்தச் சட்டையை, அது நைந்து கிழிகிறவரை, துவைக்காமல் போட்டுக்கொண்டார். கடைசியில் மாட்டுக்காகத்தான் போட்டுக்கொண்டாரா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் ஓடினேன். அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத்தில் பழைய லிஃப்ட் கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நாளைக்குக் காலையில் பால் வேனிலேயே கிளம்புகிறாராம். "அவ வீட்டுக்கு அவ வந்துட்டா மாமா, நான் இருந்தா அவளுக்குச் சங்கடம்" என்றாராம். சொல்லும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். தன் மாப்பிள்ளை போவதைத் தடுக்க அவருக்கும் வாய் வரவில்லை, மகளா மருமகனா என்று அவர் யாரைச் சொல்வார்?

அந்தச் சட்டையைப் போய் எடுத்தேன். முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். பால், தவிடு, வியர்வை, அதற்கெல்லாம் அடியில் அவர். அழுகை வந்தது. அழுதுகொண்டே கிணற்றடிக்குப் போய், வாளியில் முக்கி, சோப்புப் போட்டுக் கசக்கி அலசினேன். முகர்ந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு தடவை சோப்புப் போட்டேன்.

தாழ்வாரத்துக் கொடியில் அது தொங்குவதைச் சன்னல் வழியாகப் பார்த்ததும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, அதைப் போயா துவைச்சே? பட்டணத்துக்குப் போய் எல்லாத்தையும் மறந்துட்டியே" என்றார். அழுக்காக இருந்தது, துவைத்தேன் என்றேன். முகத்தை எதுவுமே தெரியாதவள் மாதிரி வைத்துக்கொண்டேன். என் கணவர் தீவனத்தை இறக்கிவிட்டு வந்தார், கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

என் கணக்கு இதுதான். வாசனை போய்விட்டது, கோபக்காரி பால் விடமாட்டாள். அவள் மடி வீங்குவதைப் பார்த்துக்கொண்டு வேன் ஏற அவருக்கு மனசு வராது. நான் வாயைத் திறக்காமலேயே காரியம் முடிந்துவிடும்.

காலையில் அவர் தலைவாரி, நகரத்துச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். சட்டை தோளில் பிடித்தது. மழை விடவில்லை. அப்பாவை நடுவில் இழுக்காமல் நேராக என்னிடமே பேசினார். "நீ ஒரு தடவை கறந்து பாரு. பாத்துட்டுப் போறேன்" என்றார்.

கொடியிலிருந்த சட்டை ஈரமாகவே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோபக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடாதே, ஒரு சொட்டும் விடாதே, உன் காலில் விழுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பயம் வந்தால் எனக்கு வாய் ஓடும். "நில்லு ஒழுங்கா. மூஞ்சியைத் தூக்காதே. பெரிய இவ" என்று வழக்கம்போல் திட்ட ஆரம்பித்தேன். அவள் காதைத் திருப்பினாள். உதைப்பாள் என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், காலைத் தள்ளி வைத்தாள், கையில் பால் இறங்கியது.

நான்கு காம்பிலும் இறங்கியது. வாளியில் நுரை கட்டியது. இத்தனை நாள் தீனியோடு சேர்த்து என் திட்டையும் தின்றிருக்கிறாள், பழகிவிட்டாள். துரோகி. அப்படி ஒரு மாட்டை நான் பார்த்ததில்லை.

பின்னால் அவர் குரல் கேட்டது. "விட்டுட்டா பாரு. இனி எனக்குக் கவலை இல்ல." கவலை இல்லாதவர் குரல் மாதிரி அது இல்லை. வெளியே பால் வேனின் ஹாரன் அடித்தது. அவர் பையை எடுக்கிற சத்தம் கேட்டது.

பாதியில் எழுந்திருக்க முடியாது. கறக்கிற கையை நிறுத்தினால் அடக்கிக்கொள்வாள். கோபக்காரியின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல், கறந்துகொண்டேதான் சொன்னேன்.

"மாட்டுக்கு நீங்க வேணாம். எனக்கு வேணும்."

பையின் சத்தம் நின்றது.

"வேலையை விட்டுட்டுதான் வந்தேன். அப்பா இடுப்புக்காக மட்டும் வரல. இந்தச் சாண வாசனை எனக்கு இப்பவும் பிடிக்கல, அதையும் சொல்லிடறேன். இருந்தாலும் இங்கதான் இருப்பேன். நீங்க இல்லாம என்னால முடியல. சட்டையத் தெரிஞ்சுதான் துவைச்சேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"அழுக்குன்னா ஒரு தடவை துவைப்பாங்க. நீ அழுதுட்டே ரெண்டு தடவை சோப்புப் போட்டே. வைக்கோல் போர் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீயே சொல்வியான்னு பாத்தேன்" என்றார். லிஃப்ட் இருட்டில் கேட்ட அதே குரல்.

நிரம்பியிருந்த பால் கேனைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனார். பை எங்கே என்று திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. கேனை வேனில் ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு வேன்காரரின் குரல்.

"என்னங்க, பை எங்க? கிளம்பலையா?"

"சட்டை இன்னும் காயல" என்றார் அவர்.

"இந்த மழைக்கு எங்க காயும்? ஒரு வாரமாவது ஆகும்."

"ஆகட்டும்."

வேன் கிளம்பிப் போனது. அந்த ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, மீதிப் பாலையும் கறந்து முடித்தேன்.