பன்னிரண்டாம் அறைக் கணவர்

படப்பிடிப்பு முடிந்த அன்று காலை, விடுதியில் தங்க வந்தவர்களாக நடித்த ஐந்து பேரும் முன்வாசலைத் தாண்டிக் கால் வைத்தார்கள். வைத்த கால் அவரவர் அறைக்குள் இருந்தது. பின்வாசலிலும் அப்படியே. சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்த மந்திரவாதி வேடக்காரர் மூன்றாம் மாடியில் தன் கட்டிலில் வந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். விளக்குக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள் எல்லோரும் தாராளமாகப் போய் வந்தார்கள்.

காரணத்தை வரவேற்பு மேஜைக்காரர் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். போலிப் பதிவேடு தயார் செய்யச் சோம்பல்பட்ட கலை உதவியாளர், விடுதியின் அசல் பதிவேட்டையே மேஜையில் வைத்திருந்தார். கேமரா முன்னால் ஐவரும் அதில் பதிவாகித்தான் உள்ளே வந்தார்கள். அறையைக் காலி செய்யும் காட்சியைப் படம் நீளுகிறது என்று இயக்குநர் எடுக்கவே இல்லை. உடனே ஐவரும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டார்கள். மை தாளில் ஒட்டவில்லை. கேமரா ஓடினால்தான் ஒட்டும் என்பது விளங்க மதியமாகிவிட்டது.

புதுமணப்பெண்ணாக நடித்தவளின் அப்பாவுக்கு நாலு மணிக்கு இதய அறுவை சிகிச்சை. அவருக்கு வேறு யாரும் இல்லை. மகள் நேரில் வந்து ஒப்புதல் தராமல் கத்தியைத் தொடமாட்டோம் என்றார்கள். அறுவை செய்யும் மருத்துவர் மறுபடி வரப் பத்து நாளாகும். அப்பாவுக்கு அத்தனை நாள் இல்லை. மருத்துவமனை ஒரு மணி நேரப் பயணம்.

திருப்பி அனுப்பியிருந்த கேமரா இரண்டரைக்கு மறுபடி வந்தது. மந்திரவாதி, உளவாளி, போலி டாக்டர் மூவரும் ஒரே டேக்கில் எழுதி வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் வண்டி பிடித்தார்கள். பன்னிரண்டாம் அறைப் புதுமணத் தம்பதியின் பதிவு மட்டும் ஒரே வரியில், கணவன் கையெழுத்தில் இருந்தது; அவர் எழுதினால்தான் இருவரும் வெளியே போகலாம். கணவனாக நடித்தவர் வயதான நகைச்சுவை நடிகர். அவர் பேனாவைத் தொடவில்லை.

"காலையில ஏதோ அவசரத்துல கையெழுத்துப் போட்டேன். யோசிச்சா, நான் எதுக்கும்மா போகணும்? வெளியில என்னை யார் கூப்பிடப் போறா? இங்க வெந்நீர் வருது."

"அண்ணே, எங்கப்பா அண்ணே! விளையாடாதீங்க."

"முப்பது வருஷம் விளையாடியாச்சு. இப்பதான் நிஜமாப் பேசறேன்."

"யோவ், போட்டுத் தொலைய்யா!" என்று இயக்குநர் கத்தினார். விளக்குக்காரர்கள் இருவர் நகைச்சுவை நடிகரின் கையைப் பிடித்து எழுத வைத்தார்கள். எழுத்து தூசியாக உதிர்ந்தது. மணி இரண்டே முக்கால்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேமராவை ஓட விடுங்க. சார், எனக்குத் தனியா ஒரு ரூம் வேணும்."

"அப்ப இவர்?" என்றார் மேஜைக்காரர்.

"தெரிஞ்சவர். அவ்வளவுதான்."

தன் சொந்தப் பெயரை எழுதினாள். தந்தை அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். பழைய வரியில் அவள் இருந்த இடம் தானாக வெளுத்தது. சாவியை வாங்கி, அறையைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்து, காலி செய்ததாக எழுதி நடந்தாள். வைத்த கால் தெருவில் இருந்தது. நகைச்சுவை நடிகர் கைதட்டினார்.

நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம், உப்பில்லாச் சோற்றைத் திட்டிக்கொண்டே வாழ்ந்தார். படம் மூன்று வாரம் ஓடியது. விடுதி இரண்டு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாம் அறையின் சாமான் பட்டியலில் கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, கணவர் ஒருவர் என்று இருந்தது. புது முதலாளிகள் கதவைத் திறந்து, எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அடுத்த அறைக்குப் போனார்கள்.