உயிருள்ளபோது நிறம்

காலை பத்து இருபதுக்கு அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். நான்காவது தடவையும் அதேதான். கணுவுக்கு ஏழு முள்.

தட்டில் கிடந்தது ஒரு பிரிட்டில் ஸ்டார். நட்சத்திர மீனுக்குப் பங்காளி முறை. பொத்தான் அளவு உடல், பாம்பு வால் மாதிரி ஐந்து கைகள். பிடித்தால் கையை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் பவளப்பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அந்தக் கடலில் இதே மாதிரி இரண்டு இனம் உண்டு. தகடு, பல், முள் எல்லாம் அச்சு அசல். உயிரோடு இருக்கையில் மட்டும் ஒன்றுக்குக் கைகளில் சிவப்பு வளையம், மற்றதற்கு நெடுக நீலக் கோடு. ஸ்பிரிட்டில் போட்ட மூன்றாம் நாள் இரண்டும் ஒரே வெளுப்பு.

இதை மூழ்கி எடுத்தவன் அவள் கணவன். ஊரைவிட்டுப் போவதற்கு முன் கடைசியாக எடுத்தது. பாட்டிலுக்குள் மிதந்த சீட்டில் அவன் பென்சில் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து. ஆழம் ஒன்பது மீட்டர். செத்த பவளத்துக்கு அடியில். 'உயிருள்ளபோது நிறம்' என்பதற்கு நேரே ஒன்றும் இல்லை.

அவன் வேறொரு துறைமுகத்தில் வேலைக்குப் போய் ஒரு வருஷம் இரண்டு மாதம். சண்டை என்று சொல்லக்கூட எதுவும் நடக்கவில்லை. பேச்சு குறைந்தது. பிறகு நின்றது.

"இன்னைக்கு இனங்களோட லிஸ்ட் போயாகணும்க்கா" என்றாள் பாட்டில்காரி. ஆய்வக அலமாரிகளில் இருந்த நாலாயிரம் பாட்டிலுக்கும் அவள்தான் பொறுப்பு. "அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க."

"இனம் தெரியலைன்னு எழுதிடலாம்."

"எழுதலாமே. ஒரு வாரமா அந்தப் பாட்டிலை இடுப்புப் பிள்ளை மாதிரி தூக்கிட்டுத் திரியறீங்க. சாக்கு தானா வந்து மடியில விழுந்திருக்கு, விட்டுடாதீங்க."

"உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் பார்க்கறேன்."

ஸ்பிரிட் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லு." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடியது.

ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வா, போ மாறவில்லை.

"ஒரு பாட்டில் விஷயம்." சீட்டைப் படித்துக் காட்டினாள். "நிறம் போடாம விட்டிருக்கே."

"அதுவா? அன்னைக்கே சொன்னேனே. படகுல ஏறினதும் ஈரக் கையோட உனக்குத்தான் போன் பண்ணினேன். நீ எழுதிக்கிட்டேன்னு நினைச்சேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேறு எதன் முள்ளையோ எண்ணிக்கொண்டிருந்தாள். ம், ம் என்றாள். அவன் வெகுநேரம் பேசினான்.

"எழுதலை" என்றாள்.

"நீலம். உடம்புலேருந்து கை நுனி வரைக்கும் ஒரே கோடு. டார்ச் வெளிச்சம் பட்டதும் அது..." நிறுத்தினான். "நீலம். அவ்வளவுதான்."

நோட்டில் 'நீலம்' என்று எழுதினாள். எந்த இனம் என்று தெரிந்துவிட்டது. போனை வைத்துவிடலாம். அந்தப் பக்கம் இயந்திரம் நின்றுபோயிருந்தது. அவன் மூச்சு கேட்டது.

"வேற ஏதாவது தெரியணுமா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குச் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல்றியா?"