யார் பாவம்

1

இந்தக் கதை கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, 'துன்பம் ஏன்?' என்ற தலைப்பில் எழுதித் தரும்படி போதகர் கேட்டார். ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீதான் எழுதணும் அருள். படிச்சவன். அனுபவமும் இருக்கு."

"அனுபவம் இருக்குதுங்க ஐயா. பதில் இல்லியே."

"எழுது, வரும். ஆறுதலா இருக்கும்பா."

"யாருக்குங்க?"

அவர் சிரித்துவிட்டார். "படிக்கிறவங்களுக்கு. மூணு பக்கத்துக்கு மேல போயிடாத."

அனுபவம் என்று அவர் சொன்னது என் மனைவி தீபிகா இறந்ததை. போன மழைக்காலம், டெங்கு. எனக்கு வயது முப்பது. மகள் பெனிட்டாவுக்கு ஆறு. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்:

கடவுள் மனிதனுக்குச் சுயசித்தம் கொடுத்தார். மனிதன் அதைத் தவறாகப் பயன்படுத்தினான். பாவம் உலகத்துக்குள் வந்தது. அதோடு துன்பமும் மரணமும் வந்தன. எனவே ஒரு கொசு...

(அங்கே நின்றுவிட்டேன். இதை நம்பாதவன் அல்ல நான். உலகம் படைக்கப்பட்டபடி இல்லை, எங்கோ உடைந்திருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆதாமிடமிருந்து எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிவரை வந்துசேர முடியவில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

நாம் பட்டுச் சேலையின் பின்பக்கத்தைப் பார்க்கிறோம், கடவுளோ முன்பக்கத்தை...

(வெளியூர்ப் பிரசங்கியார்கள் காஞ்சிபுரத்துக்கு வந்தால் தவறாமல் சொல்வது. நான் சேலைக்குக் கணினியில் டிசைன் போடுகிறவன். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே அலங்கோலமாக இருந்தால் விலை போகாது.)

மூன்றாம் தொடக்கத்தில் 'அவன்' என்று ஓர் ஆள் வந்தான். மனைவியை இழந்தவன். தாடி வைத்திருந்தான், மழையில் நின்றான். அவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் மழையில் நிற்க நேரம் ஏது? கொடியில் சீருடை காய்கிறது, ஓடிப் போய் எடுக்க வேண்டும். அவனை நீக்கிவிட்டேன். இனி நானே வருகிறேன்.

3

பக்கத்து வீட்டு அம்சா அக்கா தறி நெய்கிறவர். காலையில் தறியில் உட்காருவதற்கு முன் பெனிக்குத் தலை பின்னிவிடுவார். எனக்கு வகிடு நேராக வராது.

ஒரு வெள்ளிக்கிழமை.

"தலைய ஆட்டாதடி. ஆட்டிக்கினே இருந்தா ஜடை கோணிக்கும். உங்கப்பன் பின்னினதுன்னு நெனச்சிக்குவாங்க."

பெனி சிரித்தாள். அக்கா ரிப்பனை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "பாவம்பா இந்தப் புள்ள."

பெனி எழுந்துவிட்டாள். ஒரு ஜடைதான் முடிந்திருந்தது.

"நான் ஒண்ணும் பாவம் இல்ல."

"இன்னாடி கோவம்? பாவம்னுதான சொன்னேன். திட்டவா செஞ்சேன்?"

"அப்டி சொல்லாதீங்க. சொன்னா நான் வரமாட்டேன்."

"வாயப் பாரேன். அப்படியே அம்மாக்காரி," என்றார் அக்கா.

ஒரு ஜடை பின்னியும் ஒரு பக்கம் அவிழ்ந்துமாகவே பள்ளிக்கூடம் போனாள். ரோஷக்காரி என்று நினைத்தேன். கதையிலும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை வரை.

4

ஆலயத்தில் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தோம். பெனி பின்னால், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வந்த வெளியூர்க் கார்கள். வண்டி ஊர்ந்தது.

"அப்பா, சாவு எதுனால வந்துச்சி தெரியுமா?"

"எதுனால?"

"பாவத்தால. டீச்சர் சொன்னாங்க. பாவம் இல்லன்னா யாரும் சாவவே மாட்டாங்களாம்."

"ம்."

"எல்லாரும் என்னத்தான பாவம்னு சொல்றாங்க."

முன்னால் ஒரு கார் நின்றது. பிரேக் பிடித்தேன்.

"அம்சா அத்தை சொல்றாங்க. ஸ்கூல் மிஸ் சொல்றாங்க. ஆஸ்பத்திரில நர்ஸக்கா கூட சொன்னாங்க. அம்மா இருக்கும்போதே சொன்னாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அப்ப அம்மா என்னாலதான செத்தாங்க?"

* அடிக்குறிப்பு: செய்யக் கூடாததைச் செய்தால் பாவம். அடிபட்டவரைப் பார்த்து இரங்கினாலும் பாவம். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பெரியவர்கள் குழம்புவதில்லை. ஆறு வயதில், ஓய்வுநாள் பள்ளிக்கும் அம்சா அக்கா வீட்டுக்கும் நடுவே வளர்கிறவள் குழம்பலாம்.

5

இந்த இடத்துக்கு வேறொரு பதில் எழுதிப் பார்த்தேன். தகப்பன் மகளை அணைத்துக்கொண்டு அழு... (பைக் ஓட்டிக்கொண்டே அதைச் செய்ய முடியாது. எனக்கு அழுகையும் வருவதில்லை.)

நடந்தது இதுதான்.

"அது வேற பாவம்மா. அவங்க சொல்றது, ஐயோன்னு மனசு கேக்காம சொல்றது. நீ ஒரு தப்பும் செய்யல."

"அப்ப யாரு பாவத்தால செத்தாங்க? அம்மா பண்ணதா?"

"இல்ல."

"நீ பண்ணதா?"

"பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாத ஒருத்தரக் காட்டி இயேசப்பாகிட்ட இதத்தான் கேட்டாங்க. இது யாரு செஞ்ச பாவம், இவரா, இவரப் பெத்தவங்களான்னு. யாரும் இல்லன்னு சொல்லிட்டாரு."

"அப்ப அம்மாக்கு எதுனால?"

"எனக்குத் தெரியாது."

"டீச்சருக்கு?"

"தெரியாது."

"இயேசப்பாவுக்கு?"

"தெரியும்."

"அவரு சொல்லமாட்டாரா?"

(கட்டுரையாக இருந்தால் இங்கே பதில் வந்தாக வேண்டும். வாசகரே, என்னிடம் அது இல்லை. நான் படித்தவரையில், அவர் துன்பத்துக்குக் காரணம் சொன்ன இடங்கள் குறைவு, அதன் பக்கத்தில் வந்து நின்ற இடங்கள் அதிகம். அதைத்தான் அவளிடம் சொல்லப் பார்த்தேன்.)

"அவரோட ஃபிரண்டு ஒருத்தரு செத்துட்டாரு. இவரு போயி கல்லறைகிட்ட அழுதாரு. காரணம் எதுவும் சொல்லல."

"அந்தக் கத தெரியும். அவர எழுப்பிட்டாரு."

"எழுப்பறதுக்கு முன்னாடி அழுதாரு."

"எழுப்பப் போறோம்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

நின்றிருந்த ஒரு காரைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"அப்புறம் அவரையே கொன்னுட்டாங்க," என்றாள்.

"ஆமா."

"பாவம்."

6

போதகர் இங்கே முடிக்கச் சொல்வார். சொல்லின் இன்னொரு பொருள் குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது, தன்மேல் ஏற்றிக்கொண்டதை இறக்கி வைத்துவிட்டாள் என்று. மலருக்கு நல்ல முடிவு. எனக்கு அதில் நம்பிக்கை போதவில்லை.

அவள் எந்தப் பொருளில் சொன்னாள்? அவருக்காக இரங்கினாளா? அல்லது அந்தச் சாவையும் யாரோ ஒருவருடைய பாவக் கணக்கில், ஒருவேளை தன் கணக்கில், சேர்த்துக்கொண்டாளா?

சிலுவையில் தொங்கியவருக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்றுதான் சபை சொல்லிவருகிறது. பார்த்தவர்கள் இரங்கும்படி தொங்கினார், நம்முடைய பாவமாகவும் ஆனார். துன்பம் ஏன் என்ற கேள்விக்கு இது விடையாகாது. கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்கவில்லை என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. நான் அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன்.

ஆனால் பெனிக்கு இரண்டும் பொருந்தக் கூடாது. ஒன்றுதான் பொருந்தலாம்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள். முன்னால் ஒரு பேருந்து வளைகிறது. என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணாடியில் அவள் தலையின் உச்சிதான் தெரிகிறது.

நீங்கள் ஒரு பட்டுக்கடை வாசலில், கையில் பையோடு, சாலையைக் கடப்பதற்காக நிற்கிறீர்கள். எங்கள் வண்டி இப்போது உங்களைத் தாண்டுகிறது. அவள் முகம் உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

பார்த்துச் சொல்லுங்கள்.