இறங்காத நிழல்கள்

துறைமுகத்தில் தானியங்கிக் கிரேன்கள் வந்த அன்று, வேலை போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். அவர்களுடைய நிழல்கள் திரும்பவில்லை. பழைய கிரேன் ஓட்டுநர் ஒருவர் இதை மறுநாள் துணி காயப்போடும்போதுதான் கவனித்தார். கொடியில் கிடந்த சட்டைக்கு நிழல் இருந்தது, அவருக்கு இல்லை. மனைவியிடம் சொன்னபோது, இந்த வயதில் முடிகூடத்தான் உதிர்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போனாள். அந்தக் கிரேன்களுக்கு நிரல் எழுதியது அவர்களுடைய மகள் என்பதால், வீட்டில் துறைமுகப் பேச்சு எழுவதில்லை.

மகள் துறைமுகத்தில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஷிப்ட் தொடங்கும்போது ஆளில்லாத ஏணிகளில் நிழல்கள் வரிசையாக ஏறும். அவற்றில் அப்பாவுடையது எதுவென்று அவளுக்குத் தெரியும். அது உச்சியிலிருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கிரேன் அசையும். ஏற்றுமதி பெருகியது. வெங்காயம் விலை ஏறியது. விஷயம் வெளியே கசிந்ததும் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. நிழலுக்குச் சம்பளம் தரச் சட்டத்தில் இடமில்லை என்றது தொழிலாளர் துறை. கொடுத்தால் மூடிய ஆலைகளின் நிழல்களும் வாசலில் வந்து நிற்கும் என்று பயந்தது நிதித் துறை. முதலீட்டாளர்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றது தொழில்நுட்பத் துறை. அதுவே முடிவானது. பகலிலும் எரியும் விளக்குகளை நாலா பக்கமும் நட்டு, எதற்குமே நிழல் விழாதபடி ஏற்பாடு செய்தார்கள்.

விளக்குகளைப் போடும் பொறுப்பு மகளுக்கு வந்தது. போட்டாள். கிரேன்கள் நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து போன்.

"அப்பா கை வழியா அந்தாண்ட ஜன்னல் கம்பி தெரியுது. உடனே வா."

அப்பா நாற்காலியில் இருந்தார். அவருக்குள் புகுந்து வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வலிக்கிறதா என்று மகள் கேட்டாள். வலியெல்லாம் இல்லை, கிரேன் ஓடுகிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். நின்றுவிட்டது என்றாள்.

"என்னைய மட்டும் இறக்கி விட்றாதம்மா" என்றார் அப்பா.

அவள் திரும்பிப் போய், யாரையும் கேட்காமல் விளக்குகளை அணைத்தாள். அதிகாரி சத்தம் போட வாயெடுத்தபோது முதல் கிரேன் நகர்ந்தது. கப்பல்கள் காத்துக் கிடந்ததால் அவரும் வாயை மூடிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அப்பாவின் கை பழையபடி கனத்தது. குழுவின் அறிக்கை வெளியாகவே இல்லை. ஆனால் அதன் பிறகு எந்த ஆலைக்கு இயந்திரம் வாங்கினாலும், ஒரு காலி இருக்கை வைத்தே வாங்கினார்கள்.

சில வருஷங்களில் அப்பா தூக்கத்திலேயே போனார். மறுநாள் அவருடைய நிழல் ஷிப்டுக்கு வந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை. அம்மா இப்போது மத்தியானங்களில் மகளோடு துறைமுகத்துக்கு வருகிறாள். காவலாளி போட்டுத் தரும் ஸ்டூலில் கிரேனின் அடியில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வராததையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் மேலே பார்த்துச் சொல்கிறாள். அவள் பேசி முடிக்கும்வரை அந்தக் கிரேன் மெதுவாகத்தான் சரக்கு இறக்கும். கப்பல்காரர்கள் அந்தத் தாமதத்தையும் சேர்த்துக்கொண்டுதான் புறப்பட்டு வருகிறார்கள்.