ஒரு கை ஐஸ்

அந்த ஆய்வுக்கூடத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. யாருடைய ஐஸ் தொட்டியாக இருந்தாலும் கடந்து போகிறவர் எட்டிப் பார்க்க வேண்டும். உருகியிருந்தால் ஒரு கை ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பசுமலைப் பக்கம் இருக்கும் அந்தக் கல்லூரியில் சேர்ந்த கையோடு பேராசிரியை மைத்ரேயி போட்ட சட்டம் அது. அங்கே எல்லோரும் கரைத்து ஐஸில் வைக்கும் டயசோனியம் உப்பு அப்படிப்பட்ட பிறவி. குளிரில் வைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். சூடு ஏறினால் கெட்டு ஆரஞ்சு நிறக் கசடாகிவிடும். மதுரைச் சித்திரை வெயிலில் அதைத் தனியாளாகக் கட்டி மேய்க்க யாராலும் முடியாது.

சத்யப்ரியாவின் ஆராய்ச்சி, போர்வெல் தண்ணீரின் உப்புப் படியாத எஃகுத் தகடு செய்வது. உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்த பேரையூர்க்காரிக்கு அதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டயசோனியம் கரைசலில் தகட்டை முக்கி லேசாக மின்சாரம் கொடுத்தால், அது தன்னிடமிருக்கும் நைட்ரஜனை உதறிவிட்டு மிச்ச உடம்போடு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெயிண்ட் மாதிரி மேலே உட்காருவதில்லை, வேதிப் பிணைப்பு. பிடித்ததா என்று பார்க்க, அசிட்டோனில் போட்டு, ஒலியதிர்வால் உலுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் குலுக்குவார்கள். பிடித்த மாதிரி நடித்ததெல்லாம் அங்கே கழன்றுவிடும்.

பக்கத்து மேசை சூரியபிரகாஷுடையது. அவளுக்குப் பக்கத்து ஊர்க்காரன், ஒரே பஸ்ஸில் படிக்கப் போன கூட்டாளி. அவள் அப்பா அழகுபாண்டியை வாய் நிறைய மாமா என்பான். கல்லூரி ஐஸ் மெஷின் படுத்துக்கொண்ட நாளிலிருந்து, பழங்காநத்தம் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி தெர்மோகோல் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவது அவர்கள் இருவரின் முறை. அவள் கரைசலை அவன் காப்பாற்றியிருக்கிறான், அவனுடையதை அவள். இவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

அப்போதுதான் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரே ஒரு இடம் வந்தது. இருவரில் யார் தகடு குலுக்கலில் நிற்கிறதோ, அவர் பெயரைச் சோதனையன்று மாலையே அனுப்பிவிடுவதாக மைத்ரேயி சொன்னார். தருவித்த மூலப்பொருள் புட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்ததை இருவரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவருக்குப் பிரியாணி என்று பேசிச் சிரித்ததும் உண்டு.

சோதனை நாளன்று பதினோரு மணிக்கு, அவள் கரைசலைக் கலந்து ஐஸில் வைத்த நேரம் பார்த்து அழகுபாண்டி கல்லூரி வாசலுக்கு வந்து போன் செய்தார். அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம், நேரில்தான் பேசுவாராம். அவள் தொட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா வெயில்ல நிக்கிறாருல்ல. போயிட்டு வா சத்யா, நா பாத்துக்கிறேன்" என்றான் சூரியபிரகாஷ்.

அவள் போனாள். அப்பா லேசில் விடவில்லை. ஊரில் நாலு பேர் கேட்பதையெல்லாம் ஒப்பித்தார். கடைசியில் அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்தாள். "இன்னைக்கு நா தோத்துட்டா, நீங்க காட்டுற மாப்ளைக்குக் கழுத்த நீட்டுறேன். போதுமாப்பா?"

திரும்பி வந்தபோது அவள் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. கரைசல் ஆரஞ்சு நிறத்தில் இளித்தது. ஒட்டினாற்போல் இருந்த அவன் தொட்டியில் ஐஸ் விளிம்பு வரை குவிந்து கிடந்தது. பெட்டியில் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அவளைப் பார்க்காமலே சொன்னான். மறுபடி கலக்க மூலப்பொருள் இல்லை. குருட்டு நம்பிக்கையில் தகட்டை முக்கினாள். பளபளவென்று நிறம் ஏறிய அந்தத் தகடு, குலுக்கலில் போட்ட சற்று நேரத்திலேயே வெறும் தகடாகிவிட்டது. அவனுடையது நின்றது.

அவள் மைத்ரேயியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் இரக்கப்படத்தான் செய்தார். ஆனாலும், அவரவர் கரைசலுக்கு அவரவர்தான் பொறுப்பு என்று முடித்துக்கொண்டார். போட்ட சட்டத்தைப் போட்டவரே மறந்தால் யாரிடம் போய் அழுவது?

வராந்தாவில் அவனை மறித்தாள்.

"நா ஒண்ணும் செய்யல சத்யா. சத்தியமா உன்னோடதத் தொடக்கூட இல்ல."

"ஆமா, தொடல. அதத்தான் கேக்குறேன்."

அவள் அவனைத் தாண்டிப் படியிறங்கினாள். ஆனாலும் அந்தப் பாழும் மனசு அவனுக்காகவே வக்காலத்து வாங்கியது. பாவம், அவனுக்கும் ஆசை இருக்காதா? ஏதோ அந்த நேரத்துச் சபலம், கை முன்னே வரவில்லை. திட்டம் போட்டுக் கெடுக்கிற ஆள் இல்லை இவன். இப்படி நினைத்து நினைத்துத்தான் அழாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

அங்கே அப்பாவின் போன் வந்தது.

"என்னத்தா, கெடச்சுச்சா?"

"இல்லப்பா. சூரியாவுக்குத்தான்."

"சரி விடு, நம்ம பயதான. தங்கமான பய. உங்கிட்டப் பேசணும்னு அவங்கிட்டத்தான் மொதல்ல சொன்னேன். அவந்தான் இன்னைக்குப் பதினோரு மணிக்கு வாங்க மாமா, அப்ப சத்யா சும்மாத்தான் இருக்கும்னான். கொஞ்சம் நின்னு நெதானமாப் பேசுங்கன்னு வேற சொன்னான்."

பதினோரு மணிக்குச் சத்யப்ரியாவின் கரைசல் ஐஸில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாததில்லை. பேரையூர் பஸ் வந்து நின்று, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அப்ப மாப்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிரவாத்தா?"

"சொல்லாதீங்கப்பா. தோத்தாத்தான் சரின்னேன். நா தோக்கல."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்பத்தான கெடைக்கலன்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மைத்ரேயியின் அறையைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். போனை மட்டும் அணைக்கவில்லை. சூரியபிரகாஷ் பதினோரு மணிக்கு வரச்சொன்ன கதையை அப்பா அங்கேயும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.