ஏழாவது வரிசையின் முதல் கைதட்டல்

கைதட்டுவது ஒரு வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. கைராசி அண்ணனைக் கட்டிக்கொண்ட புதிதில் அவர் மனைவியும் அப்படித்தான் சிரித்தாள். "என்னது, தட்டறதுக்கு ஒரு ஆளா? எங்க அப்பாகிட்ட இதைச் சொல்லித்தான் பொண்ணு கேட்டீங்களா?" என்று கேட்டாள்.

அப்பாவிடம் சொன்னது வேறு. பெயருக்கு அவர் அரங்கத்தில் டிக்கெட் கிழிப்பவர். கூட்டம் உள்ளே போய் கதவைச் சாத்தியதும் ஏழாவது வரிசையின் ஓர இருக்கையில் போய் உட்காருவார். நிகழ்ச்சி முடியும் இடம் பார்த்து முதல் தட்டு தட்டுவார். அவ்வளவுதான். அந்த ஒரு தட்டு விழுந்தால் போதும், அரங்கமே சேர்ந்துகொள்ளும். அது விழாவிட்டால் ஒருவரும் அசையமாட்டார்கள். என்ன ஜனங்களோ! வாசலில் முண்டியடிப்பார்கள், வண்டி எடுக்க முண்டியடிப்பார்கள், கைதட்ட மட்டும் பக்கத்து ஆள் முதலில் தட்டட்டும் என்று மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பாட்டு, நாடகம், மேஜிக் எதுவானாலும் ஏழாவது வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இவர்கள் கை எழும்பும். கைராசி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த ராஜ்யத்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பக்கத்து இருக்கைக்காரர், மருந்துக்கடை முதலாளி. எந்த நிகழ்ச்சி வந்தாலும் அடம்பிடித்து அந்த இருக்கையையே கேட்டு வாங்குவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. பாடகி மூச்சு வாங்க நிறுத்தினால் இவர் தட்டிவிடுவார். நாடகத்தில் கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் தட்டிவிடுவார். விழுந்தவன் எழுந்து இன்னும் ஒரு பக்கம் வசனம் பேசவேண்டியிருக்கும், பாவம். நல்லவேளை, ஜனங்கள் அவரை நம்புவதில்லை. கைராசி அண்ணன் தட்டட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் புது மேனேஜர் வந்து மண்ணைப் போட்டார். சின்ன வயசு, நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் மாற்றவேண்டும் என்று கை அரிக்கும். மேடைக்கு மேலே ஒரு விளக்குப் பலகை மாட்டினார். ஸ்விட்சைத் தட்டினால் 'கைதட்டவும்' என்று சிவப்பில் எரியும்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றார் மேனேஜர். "ஞாயித்துக்கிழமை மதியம் ஜப்பான்காரங்க தாய்க்கோ மேளம் வருது. பெரிய குழு, உலகம் பூரா சுத்திட்டு வராங்க. அதை ஒழுங்கா நடத்திக் காட்டுங்க, இருக்கையில இருங்க. இடறிச்சுன்னா கீழ வண்டி நிறுத்தற இடத்துக்கு ஆள் வேணும்."

வண்டி நிறுத்துமிடம் கட்டடத்துக்கு அடியில். அங்கே நிகழ்ச்சி என்று எதுவும் கேட்காது, ஹாரன்தான் கேட்கும். கைராசி அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு நிகழ்ச்சிகள் என்றால் உயிர். புரிகிறதோ புரியவில்லையோ, அந்த இருட்டில் உட்கார்ந்து மேடையைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் வேலை, வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமையே குழு வந்து இறங்கியது. மேளங்கள் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் போல இருந்தன. பெரிய மேளத்தை ஏழெட்டுப் பேர் தூக்கி வந்து மரத் தாங்கியின்மேல் ஏற்றினார்கள். மேடை ஓரத்தில் செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்தார்கள், ஒரு செருப்பின் மூக்கு இன்னொன்றைத் தாண்டவில்லை. தலைவி ஒரு குள்ளமான அம்மா. கணக்கு டீச்சர் முகம். அந்த உடம்பு இந்த மேளத்தை என்ன செய்துவிடும் என்று கைராசி அண்ணன் சந்தேகப்பட்டார். அப்போது அந்த அம்மா மேளத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குச்சியை ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தார். கைராசி அண்ணனின் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் கழன்று நாக்கில் விழுந்தது.

மொழிபெயர்க்கும் பெண் அவரைத் தலைவியிடம் அழைத்துப்போனாள். தலைவி நீளமாக ஏதோ சொன்னார்.

"அம்மா என்ன சொல்றாங்கன்னா," என்றாள் அந்தப் பெண், "கடைசி உருப்படியில நடுவுல நிறுத்துவாங்களாம். குச்சியைத் தூக்கிப் பிடிச்சுட்டு அப்படியே நிப்பாங்களாம். முடிஞ்சிருச்சுன்னு தோணும். முடியலை. அந்த நிசப்தமும் மேளம்தானாம். அதுல யாராவது தட்டினா, மேளத்தைக் கிழிச்ச மாதிரியாம். போன ஊர்ல கிழிச்சுட்டாங்களாம்."

"எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

அந்தப் பெண் கேட்டாள். தலைவி தோளைக் குலுக்கினார். "அவங்களுக்கே தெரியாதாம். அன்னைக்குத் தோணற வரைக்குமாம். அப்புறம் ஒரு கடைசி அடி. குச்சியைக் கீழ வெச்சுக் குனிவாங்க. அப்பத் தட்டலாம்."

கைராசி அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே சத்தம் நின்றாலும் தட்டு என்று பழகிய கை. அதைச் சும்மா இரு என்றால் இருக்குமா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின், சுற்றிலும் வெட்டின துணி. "பயிற்சி பண்ணிட்டாப் போச்சு. நான் தைக்கறேன், நடுவுல நிறுத்தறேன். நீங்க தட்டாம இருங்க" என்றாள்.

மிஷின் கடகடவென்று ஓடியது. நின்றது. பட்டென்று தட்டிவிட்டார்.

"இன்னொரு வாட்டி."

ஓடியது. நின்றது. பட்.

"ஏங்க, கையை மடியில வெச்சா தட்டத்தான் செய்வீங்க. தொடைக்கு அடியில வெச்சு உட்காருங்க."

அதுதான் சரிப்பட்டது. இரண்டு நாளும் சாயங்காலம் அவள் தைத்துத் தைத்து நிறுத்தினாள், அவர் கைகளின்மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்தார். நிறுத்தி நிறுத்தித் தைத்ததில் எதிர்வீட்டு அம்மாவின் ஜாக்கெட்டில் ஒரு கை பாம்பு போல வளைந்து போனது. அந்த அம்மா வந்து ஒரு மூச்சு ஆடித் தீர்த்துவிட்டுப் போனாள். மனைவி உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். இதையெல்லாம் அவர் கவனித்தாரா என்றால், எங்கே கவனித்தார்? மனுஷனுக்கு மேளம்தான் நினைப்பு.

ஞாயிறு மதியம் அரங்கம் நிரம்பி வழிந்தது. மனைவிக்குப் பால்கனியில் ஒரு பாஸ் கிடைத்திருந்தது. கைராசி அண்ணன் ஏழாவது வரிசைக்கு வந்தபோது மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கைராசி அண்ணனுக்கு உறைத்தது. தன் கையை அடக்க இரண்டு நாள் பயிற்சி எடுத்தாயிற்று. இந்த ஆள் கையை யார் அடக்குவது?

"சார், இன்னைக்குக் கொஞ்சம் பொறுமையா..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கா சொல்றீங்க? எது எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

விளக்கு அணைந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மேளத்தை அந்த அரங்கம் கேட்டதில்லை. முதல் அடி காலில் ஏறியது, இரண்டாவது இருக்கையின் கைப்பிடியில் ஏறியது, அப்புறம் எது காது, எது நெஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இளசுகள் குட்டை மேளங்களைச் சுற்றிச் சுற்றி ஓடி அடித்தார்கள். நடுநடுவே அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு உருப்படி முடிவிலும் கைராசி அண்ணன் இடம் பார்த்துத் தட்டினார், அரங்கம் கூடவே தட்டியது. மேனேஜர் பக்கவாட்டில் ஸ்விட்ச் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி உருப்படி. தலைவி பெரிய மேளத்தின்முன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மெல்ல ஆரம்பித்தார். ஏறியது, ஏறியது, கட்டடமே அந்த அம்மாவின் குச்சி நுனியில் ஆடியது. கைராசி அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார். நின்றது.

இரண்டு குச்சிகளும் மேலே. ஒருவரும் மூச்சு விடவில்லை. அவருடைய கைகள் தொடைக்கு அடியில் துள்ளின, அழுத்தி உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அதே நொடியில் பக்கத்தில் இருட்டில் இரண்டு உள்ளங்கைகள் மேலே எழுவதைப் பார்த்தார்.

யோசிக்கவில்லை. கையை உருவினார், மருந்துக்கடைக்காரரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். அவர் இழுத்துப் பார்த்தார். இவர் விடவில்லை. மேடையில் குச்சிகள் அசையவில்லை, கீழே இரண்டு பெரிய மனுஷர்கள் கையைக் கோத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைக்காரரின் கை தளர்ந்தது. அவரும் மேடையைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது. போகப்போக கைராசி அண்ணனுக்கு உள்ளே என்னவோ ஆனது. இத்தனை வருஷமும் எப்போது முடியும், எப்போது முடியும் என்றே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பார்த்திருக்கிறார். முதல் தடவையாக, இது முடியவே வேண்டாம் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசி அடி விழுந்தது. தலைவி குச்சியைக் கீழே வைத்தார். குழுவே வந்து வரிசையாகக் குனிந்தது.

ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் ஏழாவது வரிசையைப் பார்த்தார்கள். கைராசி அண்ணன் கண்ணீரோடு பெரிய மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பதறிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். 'கைதட்டவும்' என்று சிவப்பாக எரிந்தது. ஜனங்கள் அதை நிதானமாகப் படித்துவிட்டு மறுபடி ஏழாவது வரிசையைப் பார்த்தார்கள். "அவர் இன்னும் தட்டலையே, இருங்க" என்று பின்வரிசையில் ஒரு அம்மா புருஷனை அதட்டுவது கேட்டது. மேடையில் குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள்.

"அண்ணே, கையை விடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், ரகசியமாக. "முடிஞ்சிருச்சு."

"உங்களுக்கு எப்பவும் முடிஞ்சிருச்சுதான்."

"சத்தியமா முடிஞ்சிருச்சுண்ணே. குச்சியைக் கீழ வெச்சுட்டாங்க. குனிஞ்சு முதுகு பிடிச்சுக்கப் போகுது பாருங்க."

கைராசி அண்ணன் அப்போதுதான் பார்த்தார். பிடியை விட்டார். மருந்துக்கடைக்காரர் தட்டினார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான நேரத்தில். அரங்கம் பிய்த்துக்கொண்டது. கைராசி அண்ணன் எல்லோருக்கும் கடைசியாகத் தட்ட ஆரம்பித்து, எல்லோருக்கும் கடைசியாக நிறுத்தினார்.

அப்புறம் மேடைக்குப் பின்னால் போய், தானாகவே மேனேஜர் முன்னால் நின்றார். மனைவியும் பால்கனியிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தாள்.

"தட்டறதுக்குத்தானே அண்ணே உங்களை உட்கார வெச்சேன்" என்றார் மேனேஜர். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

அதற்குள் தலைவி வேர்வை வழிய வந்து சேர்ந்தார். மொழிபெயர்க்கும் பெண் மூச்சு வாங்கச் சொன்னாள். "கடைசி அடிக்கு அப்புறமும் சபையை அமைதியா வெச்சிருந்தது யாருன்னு கேட்கறாங்க. எந்த ஊர்லயும் இப்படி நடந்ததில்லையாம். முதல்ல பயந்துட்டாங்களாம். அப்புறம் குனிஞ்சபடியே சந்தோஷப்பட்டாங்களாம்."

மேனேஜர் கைராசி அண்ணனைப் பார்த்தார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். அவரோ, "நான் வேணும்னு செய்யலைம்மா. தட்ட மறந்துட்டேன். அது என் வேலை, அதையே மறந்துட்டேன்" என்றார். சொல்லும்போதே வண்டி ஹாரன் அவர் காதில் கேட்டுவிட்டது.

மொழிபெயர்த்ததும் தலைவி ஒரு அடி முன்னால் வந்தார். மேளத்துக்குப் போட்டாரே ஒரு கும்பிடு, அதே கும்பிடை அவருக்குப் போட்டார்.

ஜப்பானிலிருந்து வந்த அம்மா இடுப்பு வரை குனிந்து கும்பிட்ட ஆளை அடித்தளத்துக்கு அனுப்ப எந்த மேனேஜருக்குத்தான் மனசு வரும்? அவர் பிடரியைச் சொறிந்தார். "சரிண்ணே. தட்டறதை அந்த மருந்துக்கடை சாரே பார்த்துக்கட்டும், தட்டத்தானே வரார். நீங்க அங்கயே உட்கார்ந்து அவர் கையைப் பிடிச்சுக்கங்க. சரியான நேரத்துல விட்டாப் போதும்."

இருக்கை போகவில்லை, மேடை போகவில்லை. கைராசி அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வழியெல்லாம் அவர் அந்தக் குச்சிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மனைவி உம்மென்று வந்தாள்.

"என்ன, உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சுது. பால்கனியில எல்லாருக்கும் பிடிச்சுது. கீழ கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்காங்களே, ரெண்டு பேரும் அண்ணன் தம்பியான்னு என்னைக் கேட்டாங்க" என்றாள். நாலு அடி நடந்துவிட்டுச் சொன்னாள்: "என் கையை அப்படி ஒரு நாள் பிடிச்சதில்லை நீங்க."

அவர் நின்றுவிட்டார். வளைந்த ஜாக்கெட்டும் எதிர்வீட்டு அம்மாவின் கத்தலும் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. தெருவில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் கையைப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது. இத்தனை வருஷமாக அதுகூட அவருக்குத் தெரியாது.

"எப்ப விடணும்னு சொல்லு" என்றார்.

"சொல்றேன்" என்றாள்.

தெருமுனை வந்தது, வீடும் வந்தது, அவள் சொல்லவில்லை. பூட்டை இடது கையாலேயே திறந்தார்.