கடைசிச் சுற்றைக் கொடுத்துவிட்ட ஓடெட்

ஓடெட் அதைச் சொன்னதும், விழுங்கப்போன அவித்த வாழைக்காய்த் துண்டு என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இன்னைக்குக் கடைசிச் சுற்று நீ ஓடுற, கெர்ரி. நான் முதல் சுற்று. கோச்சுகிட்ட சொல்லிட்டேன்."

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடக்கும் கல்லூரிப் போட்டியின் இறுதி ஓட்டம் இந்த நால்வர் தொடர் ஓட்டம்தான். ஆளுக்கு நானூறு மீட்டர். மூன்று வருடமாகக் கடைசிச் சுற்று ஓடெட்டுடையது. அவள் கைக்குத் தொடர் ஓட்டக் கோல் போனதும் எங்கள் கல்லூரி ரசிகர்களின் மேளம் காதைக் கிழிக்கும். அதை யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா?"

பதிலுக்கு நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். அவள் விளையாட்டு அறிவியல் இறுதியாண்டு. காலையும் மாலையும் ஓட்டம், நடுவில் வகுப்பு. ஓடி முடித்து, வலி தீர ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகூடத் தசைகளின் பெயரை உரக்கப் படிப்பாள். அவள் புண்ணியத்தில் எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். கடைசி ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் நாலு பேரைத்தான். ஒவ்வொரு பயிற்சியிலும் நேரம் குறிப்பாள்; ஓடி முடித்த மூன்று நிமிடத்துக்குள் விரலைக் குத்தி, தசைக் களைப்பை அளக்க ரத்தம் எடுப்பாள்.

"பாரு. முன்னால ஆள் ஓடினா நீ வேகமாகுற. பின்னால ஆள் துரத்தினா நான் இறுகிப்போறேன். கடைசி நூறு மீட்டர்ல ஒரு செகண்டு போகுது. முதல் ஆளா ஓடினா அது போகல. நிஜப் போட்டியில காட்டுன்னு புரொபசர் சொல்லிட்டார். ஆய்வைத் திங்கட்கிழமை கொடுக்கணும். ஆய்வுக்கூடத்துல ஒரே ஒரு வேலைதான் காலி, இது சரியா வந்தாத்தான் அது எனக்கு."

"உன் பரீட்சைக்கு நான் சோதனை எலியா? தோத்தா என்னைத்தானே திட்டுவாங்க!"

"தோத்தா எனக்குப் பதக்கமும் போச்சு, வேலையும் போச்சு. வாய மூடிட்டுச் சாப்பிடு."

கோச் மிஸ் பிரைஸ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வரிசைய மாத்துங்கன்னு தினம் ஒருத்தி வந்து அழுவா. கடைசிச் சுற்றுலருந்து தன்னையே தூக்கச் சொன்னவ இவ ஒருத்திதான்."

துப்பாக்கி வெடித்தது. ஓடெட் பறந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. ஐந்து மீட்டர் முன்னால் வந்து கோலைக் கொடுத்தாள். இரண்டாவதாக ஓடிய ஜோடி-கே அந்த இடைவெளியைக் காப்பாற்றினாள். மூன்றாவதாக ஓடிய லதோயா கோட்டைவிட்டாள். என் கைக்குக் கோல் வந்தபோது ஊதாச் சட்டைக்காரி ஒருத்தி எட்டு மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான். வளைவில் நாலு மீட்டர். நேர்ப்பாதையில் ரெண்டு. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. கோட்டில் நெஞ்சைத் தள்ளினேன், ஜெயித்தேன்!

தரையில் மல்லாந்து கிடந்தேன். மேளம் அதிர்ந்தது. "கெர்ரி! கெர்ரி!" என்று கத்தினார்கள். மூன்று வருடமாக அந்த இடத்தில் ஓடெட் பெயர்தான் கேட்கும்.

மற்ற இருவரிடமும் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, தன் விரலிலும் பிளாஸ்திரியோடு, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மூணு நிமிஷம் ஆகப்போகுது, விரல நீட்டு!"

"செத்துட்டேன்டி."

"சாகறதுன்னா ரத்தம் குடுத்துட்டுச் சாவு!"

குத்தினாள். "கோச், இவ நேரம்?"

"அம்பத்திரண்டு புள்ளி நாலு!" மிஸ் பிரைஸ் குதித்துக்கொண்டிருந்தார். "உங்க புரொபசர் இனிமே வாயத் திறக்கட்டும், நான் பாத்துக்கறேன்!"

ஓடெட் நோட்டைத் திறந்தாள். என் பெயருக்கு நேரே, மையில், 52.6 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. "ஒரு செகண்டுல பத்துல ரெண்டு பங்குதான் தப்பு!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள்.

நான் பக்கத்திலிருந்த தேதியைப் பார்த்தேன். ஜனவரி பத்து. இப்போது மார்ச் முடியப்போகிறது. கடைசிச் சுற்று எனக்குத்தான் பொருந்தும் என்று இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் தினமும் கடைசிச் சுற்றை ஓடிப் பழகியிருக்கிறாள்.

"முன்னாடியே ஏன்டி சொல்லல?"

அவள் என் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு நாலு தடவை கணக்குப் போட்டேன், கெர்ரி. நாலு தடவையும் நீதான் வந்த."